முதல் நாற்பது சன்னங்கள்

துவக்கு ஒன்றைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் என் லேத் பட்டறைக்குள் நுழைந்தபோது நான் செய்த முதல் வேலை கதவைச் சாத்தியது. அடுத்த வேலை, சாத்தினதற்காக என்னை நானே ஏசியது. மன்னார் நகரத்தில் பட்டப்பகலில் ஒரு பட்டறை தன் கதவைச் சாத்தினால் அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு வேண்டாம். கழுதைகூட நின்று பார்க்கும்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, இது காற்றுத் துவக்கு. விளையாட்டுச் சங்கத்தின்ர. கடிதம் இருக்கு," என்று அவர் ஒரு உறையை நீட்டினார்.

மூன்று மொழியிலும் எழுதி, மூன்று முத்திரை குத்திய கடிதம். நான் அதை நான்கு தரம் வாசித்தேன். பிறகு ஓடிப்போய் ஐந்து பிரதி எடுத்தேன். ஒன்றைச் சுவரில் ஒட்டினேன், ஒன்றைப் பணப்பையில் வைத்தேன், ஒன்றை வீட்டில் தேவமாதா படத்துக்குப் பின்னால் செருகினேன். மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. இந்தியாவில் அகதி முகாமில் இளமையைக் கழித்துவிட்டு, அங்கே கற்ற லேத் வேலையோடு ஊர் திரும்பி, மீன்பிடி வள்ள எஞ்சின்களுக்குச் சாஃப்ட் தண்டு கடைந்து வயிறு வளர்க்கிறவன் நான். துவக்கு என்ற சொல்லையே மெல்லமாகச் சொல்லிப் பழகிய வாய். அதைக் கையால் தொட்டுத் திருத்தச் சொன்னால் கை எங்கே போகும் என்று எனக்கே விளங்கவில்லை.

அவர் கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள், சின்னவன் அப்போது நடக்கத் தொடங்கவில்லை. இடது கை முழங்கைக்குக் கீழே துவண்டு கிடந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை. சொல்ல வேண்டுமென்றால் அவர்களாகச் சொல்வார்கள்.

விளையாட்டைப் பற்றித்தான் சொன்னார். மேசைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார வேண்டும். துவக்கை மணல் பைகளின் மேல் கிடத்தி, இருபத்தைந்து மீற்றருக்கு அப்பால் உள்ள அட்டையில் ஈயக் குண்டுச் சன்னங்களால் சுட வேண்டும். ஓட்டமும் இல்லை, தூக்கலும் இல்லை. துவக்கு எவ்வளவு துல்லியமோ, விசையை இழுக்கும் விரல் எவ்வளவு நிதானமோ, அவ்வளவு புள்ளி.

"துவக்கைப் பை தாங்கும், சுட எனக்கு ஒரு கையே காணும். இதில மட்டும்தான் எனக்கெண்டு வேறா ஒரு வரிசை போடமாட்டினம் அண்ணை. கை கால் நல்லா இருக்கிற ஆக்களோட ஒண்டா இருந்து சுடலாம்," என்றார். நான்கு மாதத்தில் கொழும்புப் பக்கம் தெரிவுப் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். போன தடவை அவர் ஐந்தாவது. வயது போகப் போகச் சங்கம் புது ஆட்களுக்குத்தான் துவக்கைக் கொடுக்கும், ஆகவே இதுதான் தன் கடைசித் தடவை என்றார். துவக்கு பழசு. அதன் முனையைச் சரிபார்த்து, மரக்கட்டையில் ஆட்டமில்லாமல் இருத்தித் தர வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தார்.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் குழலின் முனையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேனே, அங்கேதான் விழுந்தேன். ஒரு பக்கம் மயிரிழை அளவுக்கு அடிபட்டு நசுங்கியிருந்தது. சன்னம் வெளியேறும் கடைசிக் கணத்தில் காற்று அந்தப் பக்கத்தால் முந்திக்கொண்டு வந்து அதைத் தள்ளிவிடும். இப்படியொரு சின்னப் பிழை கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்றே குழலை லேத்தில் பூட்டி முனையைக் கடைந்தேன். கட்டைக்குள் இரும்பு உட்காரும் பள்ளத்தைப் பைபர் வள்ளம் ஒட்டும் பசையால் நிரப்பி, துவக்கின் அச்சு அப்படியே பதிய வைத்தேன். பிடிக்கும் இரண்டு திருகாணிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன். காற்று நிரப்புவதற்குச் சங்கு குளிக்கிற ஒருவரின் சிலிண்டர். "நான் தண்ணிக்குள்ள இழுக்கிற மூச்சை நீங்கள் துவக்குக்குக் குடுக்கிறியள்," என்று அவர் சிரிப்பார். மணல் பைகளை அந்தப் பெண்ணே தைத்துக்கொண்டு வந்தார். கடற்கரை மணலை நாலு தண்ணீரில் கழுவி, உப்பில்லாமல் காயவைத்து நிரப்பியிருந்தார்.

சங்கத்தில் இருந்த காலத்தில் அந்தக் குழலை யாரும் உள்ளே துடைத்ததே இல்லை என்று கதையோடு கதையாகச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் தீவின் காற்று இரும்பைத் தின்கிற காற்று. இரவு வெளியே மறந்துவிட்ட பூட்டும் திறப்பும் விடியும்போது துருவேறிச் சிவந்திருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்பதால் துவக்கை என் இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்கச் சங்கமே எழுத்தில் கேட்டுக்கொண்டது. பொலிஸ் வந்து பார்த்து, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனது.

சுடுவதற்குப் பாப்பாமோட்டையில் எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவரின் நெல் களஞ்சியம் கிடைத்தது. அறுவடை வரை காலி. நீளமான கட்டடம். சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் அந்தப் பெண்ணும் நானும் ஓட்டோவில் பாலம் தாண்டிப் போவோம், மாலையில் துவக்கைக் கொண்டுவந்து பட்டறையில் பூட்டுவேன்.

முதல் சனிக்கிழமை அவர் ஐந்து சுட்டார். ஐந்து துளையும் ஒரு கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மறு ஐந்தும் அப்படியே. எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. முன் திருகாணியைக் கால் சுற்று இளக்கினேன். துளைகள் கொஞ்சம் கிட்டக் கூடின. பின் திருகாணியை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம். பத்து மணியளவில் ஐந்து சன்னமும் ஒரு மிளகளவு துளைக்குள் போயின. இரண்டு பேரும் கூச்சல் போட்டுக் கமக்காரரின் கோழிகளைக் கலைத்தோம்.

மறுநாள் ஞாயிறு. அதே துவக்கு, அதே திருகாணி, அதே இறுக்கம். முதல் ஐந்தும் திக்குக்கு ஒன்றாய்ப் போயின.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்போதே எனக்கு ஒழுங்காக விளங்கவில்லை. காலையில் சிதறும். நான் எதையாவது தொடுவேன். முற்பகலில் கூடும். தொட்டதுதான் காரணம் என்று கொப்பியில் எழுதி வைப்பேன். மறுநாள் காலையில் அது பொய்யாகும். ஒரு கிழமை திருகாணி. ஒரு கிழமை தொலைநோக்கிக் கண்ணாடி. ஒரு கிழமை சிலிண்டரின் அமுக்கம். ஒரு கிழமை சன்னங்களை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துப் பிரித்தேன், என் மனைவி நகைக்கடை திறக்கப் போகிறீர்களா என்று கேட்டார். சோழகக் காற்று ஓட்டை வழியாக நுழைகிறது என்று களஞ்சியத்தின் கூரை இடுக்குகளில் சாக்கு அடைத்தேன். சாக்கு அடைத்த பிறகும் சிதறியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நான் வெட்டிய கிணறுகளைக் கணக்கெடுத்தால் பாப்பாமோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்திருக்கும்.

"துவக்கில ஏதும் மாத்தினியளோ அண்ணை?" என்று அவர் ஒவ்வொரு காலையும் கேட்பார்.

"ஒண்டும் மாத்தேல்லை," என்பேன். நான் சொன்னது பொய்யில்லை, எனக்குத் தெரிந்தமட்டில்.

ஒருநாள் அவர் நாற்பது ஐம்பது சன்னம் சுட்டுக் களைத்துப்போய் எழுந்தபோது, ஒரு சோதனைக்காக நான் கதிரையில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஐந்து சுட்டேன். ஐந்தும் ஒரே துளை. இன்னும் ஐந்து சுட்டேன். மறுபடியும் ஒரே துளை. வேர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு தரம் அளந்தேன், அவ்வளவு சந்தோசம். துவக்கில் பிழை இல்லை. என் வேலையில் பிழை இல்லை.

அப்படியென்றால் பிழை எங்கே? கணக்குச் சுலபமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதேபோல் செய்து பார்த்தேன். அவர் சுட்டால் பெரும்பாலும் சிதறல், அவர் எழும்பினதும் நான் சுட்டால் ஒரே துளை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் அதேதான். மூன்று கிழமையும் இரண்டு பேருடைய அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"எனக்கெண்டால் துவக்கில தான் ஏதோ எண்டு படுது," என்றார் மெதுவாக.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை. "தங்கச்சி, விசையை இழுக்கேக்கை உங்கட கை நடுங்குது. உங்களுக்கே தெரியாமல் நடுங்குது. நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்," என்றும் சொன்னேன்.

பார்த்தேனா? பார்த்ததாகத்தான் அன்று நினைத்தேன். அந்த விரல் அசைவதை இப்போது எத்தனை தரம் மனதில் ஓடவிட்டாலும் நடுக்கம் ஒன்றும் தெரியவில்லை. முடிவைத் தீர்மானித்த பிறகு கண் எதைத்தான் காணாது.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு துவக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூச்சை அடக்கினார், விரலுக்குப் பயிற்சி செய்தார், தேநீரை விட்டார். நாள் முழுவதும் சுட்டு, பின்னேரம் நன்றாக விழுந்தால், "இப்ப கை கொஞ்சம் கேக்குது," என்பார். நானும் பெரிய வைத்தியர் மாதிரித் தலையாட்டுவேன்.

தெரிவுப் போட்டிக்கு முதல்நாள் துவக்கை மணப்பெண் மாதிரிச் சோடித்துக் கொடுத்தேன். ஒரு தூசி துரும்பு இல்லை. கண்ணாடியில் முகம் பார்க்கலாம் போல் குழல். அவருடைய கணவர் கூடப் போனார்.

மூன்றாம் நாள் துவக்கைத் திருப்பி வைக்க வந்தார். பதினாறாம் இடம். மேசையில் உட்கார்ந்ததும் பத்துச் சன்னம்தான் சரிபார்க்க நேரம் கொடுத்தார்களாம், அதன் பிறகு சுடுவதெல்லாம் புள்ளிக்கு. அட்டைகளை என் முன்னால் அடுக்கினார். முதல் அட்டை பார்க்கச் சகிக்காது. இரண்டாவது பரவாயில்லை. கடைசி அட்டையில் ஒன்றுமே பிசகவில்லை, அன்று வென்றவருடைய அட்டையை விட அது நல்லது என்று நடுவரே சொன்னாராம்.

"பாத்தியளே, தோத்தாச்சு எண்டு பயம் விட்ட பிறகு கை நிதானத்துக்கு வந்திருக்கு," என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

"ஓம் அண்ணை, என்ர கைதான்," என்றார். சங்கத்துக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டதாகவும் ஆள் வந்து துவக்கை எடுத்துக்கொள்வார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் வரக் கிழமைகள் எடுத்தன. ஒரு சனிக்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துவக்கு போக முதல் ஒரு தரம் ஆசைதீரச் சுடுவோம் என்று களஞ்சியத்துக்குத் தனியே போனேன். ஐந்து சுட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டு, வேறு யாரோ சுட்ட அட்டை மாறி வந்துவிட்டதா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். கை அகலச் சிதறல். இன்னும் ஐந்து. இன்னும் ஐந்து. ஒன்றையும் தொடவில்லை, திருகாணியைத் தொடவில்லை, கண்ணாடியைத் தொடவில்லை. சும்மா சுட்டுக்கொண்டே போனேன். முப்பது தாண்டும்போது கூடத் தொடங்கியது. நாற்பதில் ஒரே துளை.

நெல் மூட்டை அடுக்குகிற பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் நான் அவருக்குப் பிறகுதான் சுட்டிருக்கிறேன். ஒரு நாளாவது முதலில் உட்கார்ந்ததில்லை. அவர் நாற்பது சன்னம் சுட்டுக் குழலைப் பழக்கி வைத்த பிறகு நான் போய் உட்கார்ந்து கெட்டிக்காரனாகியிருக்கிறேன். இவ்வளவும் விளங்கியது. ஆனால் முந்தின நாள் மாலை நன்றாக இருந்த குழல் விடிவதற்குள் ஏன் கெட்டுப்போகிறது என்பது விளங்கவில்லை.

அன்று மாலை பட்டறையைப் பூட்டுகிற நேரம். வழக்கம்போல் எண்ணெய்த் துணியை எடுத்து லேத்தைத் துடைத்தேன், உளிகளைத் துடைத்தேன், வேர்னியரைத் துடைத்தேன். இது முப்பது வருடப் பழக்கம், முகம் கழுவுவது போல. மனம் அதில் இருக்காது. துடைத்துக்கொண்டே போய்ப் பார்த்தால், என் கையில் மெல்லிய கம்பி, கம்பி நுனியில் எண்ணெய் ஊறிய துணி, அது துவக்கின் குழலுக்குள் பாதி தூரம் போய் நிற்கிறது.

கை அப்படியே நின்றுவிட்டது. நான் எத்தனை மாலை இதைச் செய்தேன்? ஒரு மாலைகூடத் தவறவிட்டதாக நினைவில்லை. செய்ததாகவும் நினைவில்லை.

சங்கத்துப் பயிற்றுநருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். சிங்களவர், கொச்சைத் தமிழில் பேசுவார். கேட்டதும் "ஐயோ, உள்ள ஒயில் போட்டதா?" என்று கத்தினார். ஈயச் சன்னம் போகப் போகக் குழலுக்குள் மெல்லிய ஈயப் படலம் படியுமாம். அந்தப் படலம் இருந்தால்தான் சன்னம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிப் போகும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி படிய முப்பது நாற்பது சன்னம் வேண்டும். நான் அழுக்கு என்று தலையில் அடித்துக்கொண்டதுதான் அந்தத் துவக்கின் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது, மறைக்கவில்லை, வந்தது. போட்டி முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அது வந்தது. வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் கச்சேரிக்குப் போனேன்.

கோப்புகளோடு சனம் காத்திருக்கிற நடையில் அவரைக் கூப்பிட்டு, நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், கம்பி, ஈயம், நாற்பது சன்னம். என் அட்டைகள் எப்படி நன்றாக விழுந்தன என்பதையும் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"அப்ப என்ர கை?" என்றார்.

"கையில ஒண்டுமில்லை தங்கச்சி."

"வவுனியாவில நரம்புக்குப் பாக்கிற டொக்டரிட்டைப் போனனான். அவரும் ஒண்டுமில்லையெண்டுதான் சொன்னவர். நான் நம்பேல்லை. நீங்கள் அட்டையை அளந்து காட்டினனீங்கள் தானே." குரல் உயரவில்லை. "மற்றக் கையும் போகப் போகுதெண்டு நினைச்சனான் அண்ணை. சின்னவனை மூண்டு மாதமாத் தூக்கேல்லை. விழுத்திப்போடுவன் எண்டு பயம். அவன் கையை நீட்டிக்கொண்டு வருவான். நான் நிலத்தில குந்தியிருந்து மடியில இழுப்பன். நிண்டுகொண்டு தூக்கேல்லை."

போட்டியைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். இதற்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"சொல்லுங்கோ," என்றார்.

"என்னத்தை?"

"என்ர கை நடுங்கேல்லையெண்டு."

"உங்கட கை நடுங்கேல்லை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் இன்னொருக்கால் சொன்னேன், சத்தமாக. அவர் உள்ளே போய் யாரிடமோ அரைநாள் லீவு கேட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கடந்துதான் போனார், என்னைப் பார்க்கவில்லை. படிகளில் இறங்கி வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். மணி பத்துகூட ஆகவில்லை.